நாக்குக்குத் தெரிந்த உப்பு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. பதப்படுத்திய தோல் கடல் தண்ணீரில் நனைந்து காய்ந்திருந்தால் கண் சில சமயம் ஏமாறும், நாக்கு ஏமாறாது. ஓரத்தை நாக்கால் தொட்டுச் சொல்லிவிடுவேன். இந்த வித்தையில் எனக்கிருந்த தலைக்கனம்தான் ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பியது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. அனுப்பியது என் பொய்.

எங்கள் தோல்கட்டுகள் ரயிலில் பட்டணம் போய், அங்கிருந்து சீமைக்குக் கப்பலேறும். அப்போது கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோக வேண்டும். கட்டோடு நானும் கரைவரை போவேன். நனைந்த தோலை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், சரக்கைப் பத்திரமாக மேலே அடுக்கச் சொல்லி, படகுக்காரரிடம் இரண்டு கழிவுத் தோல் கொடுப்பது வழக்கம். தரம் பிரிக்கும் எல்லோரும் கொடுப்போம். முத்திரை குத்திய பிறகுதான் கழிப்போம், ஆகவே அந்தத் தோலிலும் ஷாப்பின் முத்திரை இருக்கும். முதலாளியிடம் மட்டும் இதைச் சொல்வதில்லை.

ஒரு நாள் காலை, எனக்கு நன்றாகத் தெரிந்த படகுக்காரரிடம் அப்படி இரண்டு தோல் கொடுத்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுப் படகை எடுத்தார். மதியம் காற்று மாறியது. படகு வடக்கே அடித்துப்போய்க் கரையில் மோதி உடைந்தது. அக்கம்பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் கட்டுகளைப் பிரித்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் வீடுவீடாகச் சோதனை போட்டபோது, படகுக்காரர் வீட்டில் அந்த இரண்டு தோலும் அகப்பட்டன.

சர்க்கார் வக்கீல் எனக்கு விஷயத்தை விளக்கினார். படகு தானாகத் தரைதட்டி, அதன்பின் சரக்கை எடுத்தால் அது வெறும் திருட்டு. திருடுவதற்கென்றே வேண்டுமென்று தரைதட்ட வைத்தால் அது தனிக் குற்றம், பத்து வருஷம்வரை போடலாம். சட்டத்துக்கு மசூலாப் படகும் கப்பலும் ஒன்றுதானாம்.

கூண்டில் ஏறினேன். அந்தத் தோலை என் கையில் கொடுத்து, இது கடலில் நனைந்ததா என்று கேட்டார்கள். கோர்ட்டே பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக ஓரத்தைத் திருப்பி நாக்கால் தொட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உப்பில்லை, கடல் இதைத் தொடவேயில்லை என்றேன். அது உண்மைதான். அப்படியானால் படகு உடையும் முன்பே தோலை எடுத்து ஒளித்திருக்கிறான், எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது என்று வக்கீல் முடித்தார். அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படகுக்காரர் என் பக்கம் திரும்பினார். "காலையில நீங்கதானே குடுத்தீங்க. சொல்லுங்கய்யா," என்றார்.

கொடுத்தாயா என்று நீதிபதி கேட்டார். எதிரே முதலாளி சாயபு உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடும் என்ற ஒரே பயம். நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்றேன். ஏழு வருஷம் போட்டார்கள்.

திரும்பும் ரயிலில் முதலாளி எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். "படகுக்காரனுக்கு ரெண்டு கழிசல் தள்றது எல்லா ஷாப்புலயும் உண்டுப்பா. நானும் கண்டுக்கறதில்ல. நீ ஒருத்தன்தான் அதுகூட பண்ணலை போல," என்றார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி ஓடியிருக்கலாம். பொய்ச்சாட்சிக்கு என்னையும் உள்ளே தள்ளுவார்களே என்று வெற்றிலையை மென்றுகொண்டே வந்தேன்.

படகுக்காரரை வேலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போவதையே தவிர்த்து வந்தேன். மூன்று வருஷம் கழித்து, தோல் பதனிட வாங்கும் ஆவாரம்பட்டையைப் பார்க்க, வேலூரை ஒட்டிய பாகாயம் போகவேண்டி வந்தது. சாலையில் மூட்டையோடு ஒரு பெண் ஜெயிலுக்கு வழி கேட்டாள். காட்டினேன். என் மேல் அடித்த பட்டை வாசனையை வைத்து, தோல் ஷாப்பு ஆளா, எந்த ஊர் என்று விசாரித்தாள். ஆம்பூர் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. தன் புருஷன் யார், எதற்காக உள்ளே இருக்கிறார் என்று சொன்னாள். நான் யார் என்று நான் சொல்லவில்லை.

"தோல் குடுத்தவரு உங்க ஊர்க்காரருதான். எங்க வூட்டுக்காரரு அவரை ஒரு வார்த்தை திட்ட உட மாட்டாரு. எத்தனை பேருக்குக் குடுக்கறாரோ, மறந்துட்டிருப்பாரு, ஞாபகம் வந்தா தானா வந்து சொல்வாருன்றாரு. அவரைப் பாத்தா கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கண்ணா."

சரி, சொல்கிறேன் என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவருக்கு இன்னும் நாலு வருஷம் மிச்சம் இருந்தது. அத்தனையையும் அவர் உள்ளேயே கழித்தார்.