பொன்னுராஜ் புதுப்பிக்காத பெயர்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கையைக் கெடுத்துவிட முடியுமா? முடியும் என்றால், அவர் எந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்பது? பழனிசெட்டிபட்டி பொன்னுராஜைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. நல்லவர் என்று சொல்லவும் கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கிறது. 2001இல் தேனி பஜாரில் ஜேசுராஜின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, இரண்டு கம்ப்யூட்டர்களோடு வெப்சைட் செய்துதரும் தொழிலைத் தொடங்கினார். போடி ஏலக்காய் வியாபாரிகள், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், லாட்ஜுகள், பள்ளிகள் எல்லாம் அவரைத் தேடி மாடியேறி வந்தார்கள். இணையத்தில் ஒரு வெப்சைட்டின் பெயரை, அதாவது முகவரியைப் பதிய அன்று வெளிநாட்டில் செல்லுபடியாகும் கிரெடிட் கார்டு வேண்டும். வியாபாரிகளிடம் பணம் இருந்தது, அந்தக் கார்டு இல்லை. பொன்னுராஜிடம் இருந்தது. அதனால் எல்லோருடைய பெயரையும் தன் பெயரிலேயே, தன் இமெயில் முகவரியிலேயே பதிந்தார்.

வசதிக்காகத்தான் அப்படித் தொடங்கினார். போகப் போக அதில் ஒரு பிடி இருப்பது புரிந்தது. வேறு ஆளிடம் போக நினைக்கும் வாடிக்கையாளர், பெயர் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துகொள்வார். இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. ஐந்து வருடத்துக்கு என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மட்டும் பதிவது. பிறகு வருடாவருடம் புதுப்பித்துக்கொள்வது. தொழிலில் எல்லாரும் செய்வதுதான் என்பார். எல்லாரும் செய்தார்கள் என்பது உண்மையும்கூட.

கீழ்க்கடை ஜேசுராஜ் மட்டும் விடமாட்டார். "ஏலே பொன்னுராசு, ஊர்க்காரன் பட்டாவையெல்லாம் ஒம் பேர்ல வச்சிருக்கியே, தாசில்தாருக்குத் தெரியுமாடா?"

"குடுத்தவுகளே நிம்மதியாத்தான் தூங்குறாக. ஒனக்கு என்னடா வலிக்குது?"

"எனக்கு என்ன வலி? நான் காப்பி எடுத்தா ஒரிஜினல அவுககிட்டயே குடுத்துருறேன்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

2004இல் தேவாரம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்கு வெப்சைட் செய்துகொடுத்தார். தாளாளர் சுந்தரலிங்கம் பேரம் பேசாமல் ஐந்து வருடத் தொகையைக் கொடுத்தார். படங்களையும் செய்திகளையும் ஏற்றும் வேலை கம்ப்யூட்டர் டீச்சர் வேல்விழிக்கு வந்தது. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. பொன்னுராஜிடம் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். புரியாததை நோட்டில் எண் போட்டு எழுதி வந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துவிட்டுப் போனாள்.

2007 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த அன்று, சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் ஒரு மாணவியின் அப்பா மகளோடு உட்கார்ந்து பள்ளியின் முகவரியை அடித்தார். முதல் மதிப்பெண் பட்டியல் அதில் வரும் என்று பள்ளி நோட்டீஸ் கொடுத்திருந்தது. திரையில் வந்தவை ஆடையில்லாத பெண்களின் படங்கள். மகளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகத் தாளாளர் அறைக்குப் போனார்.

பொன்னுராஜுக்குப் பத்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. பெயரின் தவணை பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த ஏழு இமெயில்கள், படிக்கப்படாமல், அவருடைய இன்பாக்ஸில் நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு அடியில் கிடந்தன. பரீட்சைக் காலம் என்பதால் பள்ளியிலும் யாரும் மூன்று மாதமாக அதைத் திறந்து பார்க்கவில்லை. கைவிடப்பட்ட பெயர்களுக்காகக் காத்திருக்கும் ஆட்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அதை எடுத்து, தன் படங்களைப் போட்டிருந்தான். யாரும் உள்ளே நுழைந்து எதையும் மாற்றவில்லை. திருட்டுக்கூட நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் தாளாளர் அவரை அழைத்தார். மேசையில் அந்தப் பிரிண்ட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"தம்பி, எனக்கு இந்த மிசின் சமாச்சாரமெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உள்ள போயி படத்த மாத்துற பாஸ்வேர்டு எங்க ஸ்கூல்ல யாருகிட்ட இருக்கு?"

"வேல்விழி டீச்சர்கிட்டதான் இருக்குங்கய்யா."

"வேற யாருகிட்டயும் இல்லையே?"

"ஸ்கூல்ல வேற யாருகிட்டயும் இல்லங்கய்யா."

தாளாளர் தலையை ஆட்டிக்கொண்டார். சம்பள உயர்வு கேட்டு ஆறு ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தவள் வேல்விழி. அந்த நினைப்பு அவருக்கு அப்போது வந்திருக்க வேண்டும். "அப்ப சரி," என்றார்.

பொன்னுராஜ் சொன்ன இரண்டு வாக்கியங்களும் உண்மை. மூன்றாவதாக ஒன்று அவர் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அந்தப் பள்ளியோடு நிற்காது, போடி, கம்பம் என்று அறுபது வாடிக்கையாளர்களும் தங்கள் பெயர் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு மாடியேறி வருவார்கள். காபி வந்தது. குடித்துவிட்டு எழுந்தார்.

நான்காம் நாள் வேல்விழி வந்தாள். ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். அவள் அழவில்லை.

"அண்ணே, என் பாஸ்வேர்டு வேலையே செய்யல. முந்தாநாளு போட்டுப் பாத்தேன். உள்ளயே போக முடியாதவ எப்பிடிப் படத்த மாத்துவா? நீங்க வந்து இத அவுககிட்டச் சொன்னா போதும்."

"சர்வர்ல ஏதோ ஆயிருக்கு ஆத்தா. பாத்துட்டுச் சொல்றேன்."

"எப்பண்ணே சொல்லுவீக?"

"பாக்குறேன்மா."

இந்த விவகாரத்தில் அவர் சொன்ன நேரடியான பொய் என்றால் இந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் அவள் வேலை போன பிறகு சொன்னது.

பள்ளிக்கு வேறொரு பெயரில் புதுத் தளம் செய்துகொடுத்தார். இலவசமாக. அந்த வருட ஆண்டுவிழாவில், இக்கட்டான நேரத்தில் கைகொடுத்தவர் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அதை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, எரிந்து விழுந்தார். என்ன குற்றம் செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

2009 தீபாவளிக்குத் துணி எடுக்க இருவரும் தேனியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார்கள். பில் போடும் இடத்தில் வேல்விழி இருந்தாள்.

"என்னண்ணே, நல்லா இருக்கீகளா? தொழிலெல்லாம் நல்லாப் போகுதா?" என்றாள். குத்தல் ஏதும் இல்லை, உண்மையாகவே விசாரித்தாள். "அக்கா, இந்தச் சேலைக்குத் தள்ளுபடி உண்டு, இருங்க போட்டுத் தாரேன்."

அவள் வைதிருந்தால் பொன்னுராஜ் அன்று இரண்டு வாய் சோறாவது தின்றிருப்பார்.

அடுத்த வாரம் தாளாளரைப் போய்ப் பார்த்து, நடந்ததை முழுதாகச் சொன்னார். ஏழு இமெயில்களையும் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தார். சுந்தரலிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது தம்பி. மனசுல வச்சுக்கிறாமச் சொல்லிட்டீங்க. இதோட விட்டுருங்க."

"ஐயா, அந்தப் புள்ள மேல தப்பு இல்லைன்னு ஒரு லெட்டர்…"

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? நாங்க விசாரிக்காம அனுப்பிட்டோம்னு ஆகும். ஊரே மறந்து போன சங்கதிய நாமளே ஞாபகப்படுத்தணுமா? உங்களுக்கும் நல்லதில்ல." பிரிண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பொன்னுராஜ் தன் கடையின் லெட்டர்பேடிலேயே எழுதினார். தேதி, தவணை, ஏழு இமெயில், தன் மௌனம், கீழே கையெழுத்து. தேவாரத்தில் அவள் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

விடுமுறை நாளில் அவள் வந்தாள். கடிதம் கையில் இருந்தது.

"இத வச்சு நான் என்னண்ணே செய்ய?"

"எங்கன வேணாலும் காட்டு ஆத்தா. என் மேல கேசு போட்டாலும் சரி."

"போற வேலைக்கெல்லாம் இதக் காட்டி, அம்மணப் படம் போட்டது நான் இல்லைங்கய்யான்னு சொல்லணுமா? இப்பத்தான் அதப்பத்தி யாரும் கேக்காம இருக்காக. என்னயப் பொண்ணு பாத்துட்டுப் போனவுகளுக்குக்கூடத் தெரியாது. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். இப்ப எனக்கு அது வேணாம், உங்களுக்குத்தான் வேணும்." கடிதத்தை மேசையில் வைத்தாள். "உங்க பாரத்தக் கொண்டாந்து எங்கிட்ட எறக்காதீக."

படியிறங்கும்போது கீழே ஜேசுராஜிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

அதன் பிறகு பொன்னுராஜ் தொழில் முறையை மாற்றிக்கொண்டார் என்று எழுத ஆசைதான். மாற்றினார், பாதி. போடிக்கும் கம்பத்துக்கும் பஸ்ஸில் போய், முப்பது பேரின் பெயர்களை அவரவர் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். விட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்தவர்களின் பெயர்களைத் தொடவில்லை. குற்றவுணர்வு மனிதனை எவ்வளவு தூரம் நடத்தும் என்பதற்கு அது ஓரளவு கணக்குச் சொல்கிறது.

2010 கோடையில், பள்ளியின் பழைய பெயரை வைத்திருந்த வெளிநாட்டு ஆள் அதைப் புதுப்பிக்காமல் விட்டான். பொன்னுராஜ் அது எப்போது விடுபடும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. விடுபட்ட அன்றே வாங்கினார். ஒரே தவணையில் பத்து வருடத்துக்கு. உரிமையாளர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் வீட்டுக் கதவு எண்ணையும் கொடுத்தார். பள்ளிக்குச் சொல்லவில்லை. வேல்விழிக்கும் சொல்லவில்லை. அதில் ஒரு எழுத்தோ படமோ ஏற்றவில்லை. இன்றும் திறந்தால் வெறும் வெள்ளைத் திரைதான்; வேறு யாரும் அதில் எந்தப் படமும் போட முடியாது.

"யாருக்குடா இது? ஒண்ணுமே இல்லாம எதுக்கு வச்சிருக்க?" என்று ஜேசுராஜ் ஒருமுறை கேட்டார்.

பொன்னுராஜ், டீ சொல்லிவிட்டாயா என்று கேட்டார்.