விரலுக்கடியில் நழுவிய வைஃபை

நீலாம்பிகாவின் குரல் ஹூப்ளியில் பாதிப் பேருக்குத் தெரியும், முகம் தெரியாது. ஜவுளி மில்லின் டெலிபோன் போர்டில் வருடக்கணக்காக உட்கார்ந்தவள். மில்லை மூடினார்கள். அதன்பிறகு, பார்வையில்லாதவளுக்கு வேலை கொடுக்க எவனுக்கும் மனசு வரவில்லை. வீட்டில் சோள மாவு பிசைந்து ஜோள ரொட்டி தட்டிக்கொண்டு கிடந்தாள். அப்படியிருக்க, உள்ளூர் வானொலியில் செய்தி வாசிக்கத் தேர்வுக்கு அழைத்தார்கள்.

காலை பத்து மணிக்குச் செய்தி இணையத்தில் அவளுடைய பிரெய்ல் கருவிக்கு வரும். உடனே போனில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கருவியில் எழுத்துகள் புள்ளிகளாக எழும்பும், அவள் தடவிப் படிப்பாள். போனோ பழைய பட்டன் போன், அதில் இணையம் கிடையாது.

அவள் கணவர் பசலிங்கப்பா நல்லது செய்கிறேன் என்று முந்தின நாள்தான் ஹாலில் புது வைஃபை பெட்டி மாட்டினார். பாஸ்வேர்டும் புதிது. சத்தம் கேட்கக்கூடாதென்று அவளை உள்ளறையில் உட்காரவைத்தார். அந்த அறைக்கும் பக்கத்து வீடான எங்கள் வீட்டு ஹாலுக்கும் நடுவே ஒரே சுவர். பொரியில் கலந்த கிர்மிட் கொடுக்கப் போன நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

"சேரலங்க. பாஸ்வேர்டு தப்புன்னு வருது."

"நீ தப்பா அடிச்சிருப்ப. இங்க கொடு, நான் பாக்கறேன்." கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திரை எங்க?"

"திரை இல்லைன்னு எத்தனை வருஷமா சொல்றேன்?"

"அப்போ எப்படிப் பாக்கறது?"

"அதத்தான் பண்ணிட்டிருக்கேன். கொடுங்க இங்க."

மறுபடி அடித்தாள். மறுபடியும் தப்பு. "பதட்டப்படாம நிதானமா அடி" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவள் மூக்கு சிவந்தது. மில்லில் ஒரு தடவை சொன்ன நம்பரை மறக்காதவளுக்கு எட்டு எழுத்து அடிக்கத் தெரியாதென்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பத்து அடித்தது. வானொலியிலிருந்து போன் வந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்றாள். இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். குரல் உடைந்தது.

கருவியைத் தூக்கி எறியப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். எறியவில்லை. வைஃபை பெயர்ப் பட்டியலில் விரலை வைத்தாள், எதையும் அழுத்தவில்லை. சும்மா காத்திருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டு வைஃபைக்கு என்ன பேரு?"

"பாட்டீல்னு எங்க வீட்டுக்காரர் வச்சிருக்காரு. ஏன்?"

"நாசமாப் போச்சு. எங்க பேர்ல விரல் இருக்கறப்பவே அது கீழ இறங்கிடுது, உங்களோடது அந்த இடத்துக்கு வந்துடுது. எதுக்கு சிக்னல் பலம் ஜாஸ்தியோ அதுதான் மேல வந்து நிக்குது. படிச்சு முடிச்சு அழுத்தறதுக்குள்ள மாறிடுது. இவ்வளவு நேரமும் எங்க வீட்டுச் சாவியைப் போட்டு உங்க வீட்டுக் கதவத் திறந்துட்டிருந்தேன்."

"அப்போ பாஸ்வேர்டு சரிதானா?" என்றார் பசலிங்கப்பா.

"மொதல்லேர்ந்தே சரிதான்."

விடுவிடுவென்று ஹாலுக்குப் போனாள். புதுப் பெட்டிக்குக் கீழே, செருப்பு அலமாரியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பெயரே முதலில் நின்றது, நகரவில்லை. அழுத்தினாள், அடித்தாள். சேர்ந்துவிட்டது. செய்தி வந்து இறங்கியது.

போன் மறுபடி அடித்தது. அதிகாரி எரிச்சலோடு பேசியது எங்களுக்கே கேட்டது.

"ஏம்மா இவ்வளவு லேட்டு? உதவிக்கு வீட்ல கண்ணு தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"ரெண்டு பேர் இருக்காங்க சார்" என்றாள் நீலாம்பிகா. "அதான் லேட்டாயிடுச்சு."

பசலிங்கப்பா என்னைப் பார்த்தார், நான் கிர்மிட் தட்டைப் பார்த்தேன். அவள் விரலை முதல் வரியில் வைத்து, ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில் வாசிக்க ஆரம்பித்தாள்.