கணக்கு டீச்சர் சொன்ன ஒரேயொரு முடிவு

இறால் வடையின் எண்ணெய் பட்டு வழுக்கும் ஒரு பென் டிரைவ். எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறை என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான். இடைவேளையில் கணக்கு டீச்சர் அதைக் கைப்பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "புதுப்படம் ஒண்டிருக்கு, பாருங்க" என்பார். என்ன கதை என்று கேட்டால், "ஒரு மனிசன் தொப்பி வாங்கக் கடைக்குப் போறான்" என்பார். பிறகு? "பிறகு நீங்கதான் பாக்கணும்." அந்த ஒற்றை வரியில் ஆசையை மூட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கிவிடுவார். தலைகீழாக நின்றாலும் அடுத்த வரி வராது.

நான் அதற்கு நேர் எதிர். தமிழ் படிப்பிக்கிறவள், கதை என் வாயில் தங்காது. கொலைகாரன் யார் என்று நான் போட்டுடைக்காத படமே இல்லை. "இவட கையில பள்ளிவாசல் மைக்கக் குடுக்கணும், படம் தொடங்க முதலே ஆர் ஆர் மௌத்தெண்டு அறிவிச்சிடுவா" என்று, ஊரில் மரணச் செய்தி சொல்லும் அந்த மைக்கை வைத்துக் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒரு நல்ல கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் இந்த மனுஷிக்கு நித்திரை வருகிறதோ என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அப்படியிருக்க ஒரு முறை ஒரு படம் வந்தது. ஒவ்வொருத்தராக வாங்கிக்கொண்டு போய், மறுநாள் கண் வீங்கி வந்தார்கள். "அந்த முடிவு, யா அல்லாஹ்!" என்று தொடங்குவார்கள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். என் முறை வந்தபோது கணக்கு டீச்சர் பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது உங்களுக்கு வேணா. வேற ஒண்டு கொண்டு வாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சுனாமியன்று, சாய்ந்தமருதில் கரையோரம் இருந்த எங்கள் வீட்டிலிருந்து என் மூத்த மகளைக் கடல் கொண்டுபோனது. ஆறு வயது. கரையொதுங்கிய எத்தனையோ பேரின் மையித்து கிடைத்தது, அவளுடையது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அடக்கம் செய்த கபுறடியில் நின்று ஒரு துஆ கேட்டாவது மனதை ஆற்றியிருப்பேன். கிடைக்காததால் இன்றைக்கும் கேற்றில் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்புகிறது. அதன் பிறகு என் முன்னால் கடல் பற்றிய கதை வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தப் பாவம் பார்க்கிற பார்வை எனக்குத் துண்டறப் பிடிக்காது.

இரண்டு பேருக்கும் பாடமில்லாத ஒரு நேரத்தில் போய் முன்னால் உட்கார்ந்தேன். "டீச்சர், அதில கடல் வருதா? வந்தா வரட்டும். நான் நாளாந்தம் கடலப் பாத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு வாறன். எனக்கென்ன சீனியா, கரைஞ்சி போக?"

கொப்பி திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனையைக் கீழே வைத்தார். "அதில கடலே இல்ல கா" என்றார்.

"அப்ப என்ன?"

திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடி வைத்தார். பிறகு, வாழ்நாளில் ஒரு படத்தின் இரண்டாவது வரியைச் சொல்லாதவர், முழுப் படத்தையும் சொன்னார். "சந்தையில ஒரு பொம்புளப் புள்ள துலைஞ்சி போகுது. உம்மாக்காரி தேடாத இடமில்ல. மௌத்தாகியிருக்கும், விடுங்க எண்டு ஊரே சொல்லுது. கடைசியில..." என் முகத்தைப் பார்த்தார். "கடைசியில அந்தப் புள்ள வளந்து பெரியவளாகி, வந்து கதவத் தட்டுது. அதாலதான் உங்களுக்குத் தரல்ல."

எல்லோருக்கும் ஆனந்தக் கண்ணீர் வரவழைத்த அந்த முடிவு என் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்று அவர் ஒருவர்தான் யோசித்திருக்கிறார். அவர் காத்தது படத்தை அல்ல, என்னை.

இப்போது அவர் ஓய்வு பெற்று மருதமுனையில் இருக்கிறார். வாட்சப்பில் இன்னும் அதே ஒற்றை வரிதான் வருகிறது. அந்தப் படத்தை நான் நினைத்தால் போனிலேயே தேடிப் பார்க்கலாம். இன்றுவரை பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் முழுக் கதையையும் சொன்னபோது நான் அழவுமில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"உம்மாக்குப் புள்ளய அடையாளம் தெரிஞ்சிதா டீச்சர்?"

கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓம் கா. கதவத் திறந்த உடனே தெரிஞ்சிட்டு."