மதியழகன் கேட்ட நாலாவது ஃப்யூஸ்

மதியழகன் போய்விட்டான். காலையில் நெஞ்சுவலி என்றிருக்கிறான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... நாளைக் காலை பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள்.

இரண்டாயிரங்களில் காரைக்காலில் காரிலோ வேனிலோ பாட்டுக் கேட்டவர்களுக்கு அவன் பெயர் தெரியாவிட்டாலும் கைவேலை தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கார் ஆடியோ கடையில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம்.

நான் சுரக்குடி, வயல்காட்டுக்காரன். அவன் கோட்டுச்சேரிமேடு, சுனாமிக்கு அப்புறம் கடலை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தவன்.

என்னைவிட ஆறு மாதம் சின்னவன். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை ஒருநாளும் அவன் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டதில்லை... இப்போது எழுதுகிறேன், படித்துக்கொள்ளடா.

அவன் வந்த புதிதில் ஒரு மீன் வேன் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கரில் "ஙொய்ய்ய்" என்று ஒரு சத்தமும் ஏறும். ஆம்ப்ளிஃபயர் அவுட், மாற்றியே ஆகணும் என்று நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

மதி கேட்டது ஒரு துண்டு உப்புத்தாள்.

எங்கள் கடற்கரையில் ஒரு பழக்கம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்று, படகுக்கு அடித்த மீதிப் பெயிண்டை வேன் தரைக்கும் அடித்துவிடுவார்கள். எர்த் வயரை யாரோ அந்தப் பெயிண்ட் மேலேயே வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். மதி இரும்பு தெரியும்வரை தேய்த்தான், வயரை முடுக்கினான், மேலே கிரீஸ் தடவினான். சத்தம் போன இடம் தெரியவில்லை.

"ஆம்புக்கு ஒண்ணுமில்லங்க. எர்த்து பெயிண்டு மேல உக்காந்திருக்கு. கடலுக்குப் போன காலத்துல அந்தப் பெயிண்ட அடிச்சதே நாந்தான்" என்றான் வண்டிக்காரரிடம், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் வேறெதையும் தொடமாட்டான். கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். "பன்னெண்டு வோல்ட்டு என்னடா பண்ணிடும்?" என்று கிண்டல் செய்வேன். "ஷாக் அடிக்காதுடா. மோதிரம் விரலோட வெல்டிங் ஆயிடும்" என்பான்.

அப்புறம் அந்த ஸ்கூல் வேன்... இதை நான் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

நெடுங்காட்டு சேகர் அண்ணனின் வேன். ஆம்ப் மாட்டிவிட்டேன், ஆனால் ஸ்டார்ட் செய்து வண்டி குலுங்கினால் ஃப்யூஸ் போகிறது. மாற்றினேன், போனது. மறுபடி மாற்றினேன், அதுவும் போனது. ஸ்கூல் விடுகிற நேரமாச்சு என்று சேகர் அண்ணன் பறந்தார்.

ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி அனுப்பிவிட்டேன். பாட்டு ஜோராகப் பாடியது.

டீ குடித்துவிட்டு வந்த மதி, மேஜையில் கிடந்த கருகிய ஃப்யூஸ்களைப் பார்த்தான்.

"மூணு போயிருக்கு. நாலாவது என்னடா போட்ட?"

மிச்சமிருந்த செம்புக் கம்பியை எடுத்துக் காட்டினேன். அவன் பைக்கை எடுத்தான். "ஏறு."

நாங்கள் போனபோது ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் பாதிப்பேர் வேனில் ஏறியிருந்தார்கள். உள்ளே தலையை விட்டதுமே வயர் கருகுகிற வாடை.

மதி முதலில் பிள்ளைகளை இறக்கினான். பேட்டரியைக் கழற்றினான். பிறகுதான் தரை விரிப்பைத் தூக்கினான். சீட்டின் காலுக்கு அடியில் பவர் வயர் நசுங்கி, உறை கிழிந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் பாடியைத் தொட்டிருக்கிறது. மூன்று ஃப்யூஸும் இதைத்தான் சொல்லிவிட்டுச் செத்திருக்கின்றன.

"யாருய்யா இதக் கட்டுனது?" என்று சேகர் அண்ணன் கத்தினார்.

மதி மென்று முழுங்குவான் என்று நினைத்தேன். "இவன்தாங்க" என்றான் பளிச்சென்று. அந்த நிமிஷம் அவனை அடித்திருப்பேன்.

"ஆனா அவுத்துத் திருப்பிக் கட்டப்போறதும் இவன்தான். மொதல்ல நான் உக்காந்து போறேன். அப்புறம் புள்ளைங்கள ஏத்துங்க."

அன்று ஆம்ப் லைனை மட்டும் பிரித்துவிட்டு, பிள்ளைகளைப் பாட்டில்லாமல் அனுப்பினோம். மறுநாள் நான் கட்டினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃப்யூஸ், வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர், சீட்டுக்கால் பக்கமே போகாமல் லைன். மதி ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

முடித்ததும் அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஃபுல் வால்யூமில் அம்பகரத்தூர் வரை போய்த் திரும்பினான். இறங்கி வந்து பாராட்டெல்லாம் இல்லை. "பசிக்குதுடா" என்றான்.

சேகர் அண்ணன் அடுத்த வேன் வாங்கியபோதும் எங்கள் கடைக்குத்தான் வந்தார். என்னைக் கேட்டு வந்தார். எனக்கு இன்னும் அது பெருமைதான், மறைப்பானேன்.

மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஃப்ரீசர் பெட்டி. அதற்கு இழுத்திருந்தது இரண்டே கம்பியுள்ள வயர், எர்த்தே கிடையாது. ஜாயின்ட் ஈரத்தரையில் கிடக்கிறது. பெண்கள் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்...

இழவு வீட்டில் வயரைப் பற்றிப் பேசுவதா என்று ஒரு கணம் நின்றேன். பிறகு பேசிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. "எல்லாரும் கைய எடுங்க."

உறவுக்காரர் ஒருவர் எகிறினார். "அழ வந்த எடத்துல வந்து என்னங்க வயரு, கியருன்னுக்கிட்டு?"

மதியின் மனைவி தனம் தலையைத் தூக்கிப் பார்த்தது. "மாமா, அண்ணன விடுங்க. எங்க வீட்டு வயருல அண்ணனத் தவிர யாரையும் கைவைக்க விடாதன்னு அவங்க சொல்லிவெச்சிருக்காங்க."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, படுபாவி.

மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் தொட்டேன், மதி. எர்த் கொடுத்திருக்கிறேன்... போய் வாடா.