‘வந்தாச்சு’ என்றால் எப்போது? – கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு 44 கிலோமீட்டர்

கணினிப் பதிவுகளைப் படித்து, வேலை எங்கே தேங்குகிறது என்று சொல்வது என் பிழைப்பு. நாற்காலியை விட்டு எழாமலே செய்யலாம். போன வெள்ளிக்கிழமை மட்டும் எழ வேண்டியதாயிற்று.

நண்பன் ஞானப்பிரகாசம் கடலூர்–சிதம்பரம் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநர். முதலாளி அவன் கைபேசியில் இரண்டு பொத்தான்கள் வைத்துக் கொடுத்திருக்கிறார்: ‘கிளம்பியாச்சு’, ‘வந்தாச்சு’. மூன்று வாரப் பதிவில் தினமும் பத்து நிமிடத் தாமதம். ஓட்டுநர் கலியமூர்த்தி மெதுவாக ஓட்டுகிறார் என்று முடிவுகட்டி, சனிக்கிழமை முதல் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அந்தப் பதிவை வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் தாமதம் இன்னும் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாலை நீள்வதாக நான் எங்கும் படித்ததில்லை.

காலை 8.10க்குக் கடலூரில் ஏறினேன். கட்டணம் நாற்பது ரூபாய். (வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் இடப்பக்கத்துக்காரர்களுக்கு.) ஆலப்பாக்கம் 8.40, புதுச்சத்திரம் 8.55, பி.முட்லூர் 9.12. கலியமூர்த்தி மெதுவாக ஓட்டவில்லை. ஒரு வளைவில் பக்கத்துப் பயணி என் மடியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

9.30க்கு வரவேண்டிய வண்டி 9.28க்கே சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்துவிட்டது. ஞானப்பிரகாசம் கைபேசியைத் தொடவில்லை. ஆட்களை இறக்கினான். கோயிலுக்கு வந்த பூக்கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். வெள்ளிக்கிழமை அல்லவா, பதினாறு கூடைகள். 9.44க்குக் கையைத் துடைத்துக்கொண்டு ‘வந்தாச்சு’வை அழுத்தினான்.

“ஏன் மச்சான், உள்ள நொழஞ்சதுமே அமுக்கறதுக்கு என்ன?” என்றேன்.

“ஜனம் எறங்கல, கூடை எறங்கல, அதுக்குள்ள வந்தாச்சுன்னு எப்டிடா சொல்றது?”

கேட்டுக்கொண்டிருந்த கலியமூர்த்தி இருக்கையிலிருந்து குதித்தார். “அடப்பாவி! உன் பட்டனுக்காடா நான் மூணு வாரமா ஒண்ணுக்குக்கூட எறங்காம ஓட்டுறேன்?”

“என்னை யாரு மாமா கேட்டாங்க?” என்றான் அவன். உண்மைதான். இன்றுவரை நான்கூடக் கேட்டதில்லை.

முதலாளியைப் போனில் அழைத்தோம். “பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வரேன். தோ, வந்துட்டேன்” என்றார். அப்போது மணி 9.50. வந்தது 10.35.

நான் குறித்து வைத்த நேரங்களைக் காட்டுவதற்குள் கலியமூர்த்தி முந்திக்கொண்டார். “வந்துட்டேன்னு சொல்லி முக்கா மணி நேரம் ஆவுது மொதலாளி. ரோட்டுல டிராபிக் ஜாஸ்தியா?”

முதலாளி என் தாளையும் ஓரமாக அடுக்கியிருந்த கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாளைக்கும் நீயே எடு. கொஞ்சம் மெதுவாவே போ.”

இப்போது மூன்றாவதாக ஒரு பொத்தான் இருக்கிறது: ‘எறக்கியாச்சு’. பதிவுகளைப் படிப்பவர்கள், அந்தப் பொத்தானை அழுத்துகிறவரோடு ஒரு முறை பயணம் செய்துவிடுங்கள், நாற்பது ரூபாய்தான். சிதம்பரத்தில் இறங்குகிறவர்களுக்கு: கூட்டிப்போக வருகிறவர் ‘வந்துட்டேன்’ என்றால், தேநீரோடு நிறுத்த வேண்டாம். இட்லியும் சாப்பிடலாம்.