நிறுத்தச் சொல்லி வேண்டிய சத்தம்

என் மகள் பால் குடிக்க மறுத்தாள். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். மற்றவர்களுக்காக முழுவதையும் சொல்கிறேன். ஓங்காளியம்மனைக் கும்பிடுகிற நம் சொந்தங்கள் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும்.

என் பெயர் செந்தில். ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டியில் டிரில்லர் வேலை, அதாவது தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு, போர் போடுகிற வேலை. வண்டி வடநாட்டுப் பக்கம் போனால் மாதக்கணக்கில் ஊர் திரும்ப முடியாது. என் மனைவி கோமதி மாசமாக இருந்தபோதும் நான் அங்கேதான் கிடந்தேன். பிறந்த பிள்ளையின் முகத்தையும் போனில்தான் பார்த்தேன்.

தினமும் சாயங்காலம் கோமதி கூப்பிடுவாள். "ஏனுங்க, போனை வயித்துமேல வெச்சிருக்கறேன். பாப்பாகிட்ட பேசுங்க" என்பாள். என் முதுகுக்குப் பின்னால் ரிக் வண்டியின் கம்ப்ரசர் காதைப் பிளந்துகொண்டு ஓடும். அதை விட்டு வெகுதூரம் என்னால் போகவும் முடியாது. "சாமி, அப்பா பேசறேன்! நல்லாருக்கியா?" என்று தொண்டை வறளக் கத்துவேன். பிறந்த பிறகும் அதே கதைதான். போனைத் தூளிக்குப் பக்கத்தில் வைப்பாள், நான் கத்துவேன். கூட வேலை செய்பவர்கள், "பொறந்த புள்ளைய இப்படி மிரட்டறானே" என்று கேலி செய்வார்கள்.

மகள் கனிஷ்காவுக்கு மூன்று மாதம் முடிந்த சமயம், பங்குனியில், அம்மன் திருவிழாவுக்காக லீவு கேட்டு வந்தேன். முதல்முறையாகக் கையில் வாங்கினேன். என் முகத்தைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, வீறிட்டாள். அவளுக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. கோமதி சிரித்துக்கொண்டு, "பழகிக்குவாளுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பழகிக்கொள்ள நேரமும் கிடைக்கவில்லை. அந்த வாரமே கோமதிக்கு வயிற்றுவலி. வெயில் சூடு என்று நினைத்து மோரும் வெந்தயமும் கொடுத்தோம். மறுநாள் சுருண்டு விழுந்தாள். சேலத்துக்குக் கொண்டு போனோம். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளையை உள்ளே கொண்டுவரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் தங்கிக்கொண்டார். எனக்கு அப்பா அம்மா இல்லை. வீட்டில் நானும், என்னைக் கண்டாலே அழுகிற என் மகளும்.

அதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை. மாவுப்பாலைப் பாட்டிலில் கரைத்துக் கொடுத்தேன். ரப்பரை நாக்கால் வெளியே தள்ளினாள். சங்கில் ஊற்றிப் பார்த்தேன். கடைவாய் வழியாகக் கழுத்துக்கு வழிந்தது. கோமதியின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு மடியில் போட்டேன். சேலையைப் பிடித்து முகர்ந்தாள், பிறகு நிமிர்ந்து என் மீசையைப் பார்த்து முன்னைவிட அதிகமாக அழுதாள்.

பக்கத்து வீட்டு சரசக்கா வந்தார். அவரும் முயன்று பார்த்தார். அழுது அழுது குரல் கம்மிப்போனதே தவிர, அரை மிடறுகூட உள்ளே போகவில்லை. மறுநாள் காலையில் பிள்ளையின் துணி மூத்திரம் படாமல் காய்ந்தே கிடந்தது. தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டில் குழந்தை டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இப்போதைக்குப் பயமில்லை. ஆனா சாயங்காலத்துக்குள்ள குடிக்கல, துணி நனையலன்னா யோசிக்காம கொண்டு வந்துருங்க. ட்ரிப்ஸ் போட்டாகணும்" என்றார். கிளம்பும்போது, "நீங்க பதறாதீங்க. சத்தமில்லாத இடத்துல வெச்சுத் தூங்க வையுங்க, தூக்கக் கலக்கத்துல குடிச்சாலும் குடிப்பா" என்று சொன்னார்.

சத்தமில்லாத இடம். அந்த இரண்டு வார்த்தைகளை நான் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கடகடவென்று ஓடும் ஃபேனை நிறுத்தினேன். சரசக்கா வீட்டு டிவியை நிறுத்தச் சொன்னேன். எதிர்வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த கிரைண்டரையும் நிறுத்த வைத்தேன். மைக் போட்டுக்கொண்டு வந்த வெங்காய வண்டிக்காரரைத் தெருமுனையிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். முருங்கை மரத்தில் கத்திய காகத்தைக் கல்லால் அடித்தேன். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அந்த அமைதியில் என் மகள் ஒருத்தி குரல் மட்டும் கேட்டது. என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பூமிக்குள் எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் இறங்குவேன், ஒரு மூன்று மாதப் பிள்ளையின் தொண்டையில் ஒரு சங்கு பாலை இறக்கத் தெரியவில்லையே என்று அழுதேன்.

உச்சி வெயிலில் பிள்ளையைத் துண்டில் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி நடை சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். கம்பிக் கதவுக்கு உள்ளே அம்மன் முகம் மங்கலாகத் தெரிந்தது. வெளியே தட்டில் இருந்த திருநீற்றை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே கேட்டேன்.

"தாயே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பாப்பா தூங்கோணும், ஒரு சங்கு பால் குடிக்கோணும். அதுவரைக்கும் ஒரு சத்தமும் கேக்கக் கூடாது. இது ஒண்ணு மட்டும் பண்ணிக் குடு."

எவ்வளவு கவனமாக வேண்டினேன் பாருங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால், எங்கள் வீட்டை ஒட்டிய தங்கவேல் அண்ணனின் மரவள்ளிக்காட்டில் ரிக் வண்டி நிற்கிறது. போன வருடம் போட்ட போர் காய்ந்துவிட்டதால் புதிதாகப் போட வண்டி சொல்லியிருந்திருக்கிறார். நான் வாசற்படியில் கால் வைத்த நேரம், கம்ப்ரசரைக் கிளப்பினார்கள்.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சோறு போடுகிற சத்தம்தான் அது. ஆனால் அன்றைக்கு என் தலையே வெடித்துவிடும் போல இருந்தது. அமைதி கொடு என்று கேட்டேன், கம்ப்ரசரை அனுப்பியிருக்கிறாயே என்று அம்மன்மேல் அப்படி ஒரு கோபம். இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கி, "நிறுத்துங்க, வண்டிய நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். யாருக்குக் கேட்கும்? பின்னால் சரசக்கா கையில் பால் சங்கோடு, "செந்திலு, சண்டைக்குப் போவாத சாமி!" என்று ஓடி வந்தார்.

பாதி வரப்பில் எனக்கு ஒன்று உறைத்தது. என் தோளில் அழுகை இல்லை.

கால் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைக்கு நினைவு போய்விட்டது என்றே நினைத்தேன். துண்டை விலக்கிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். சரசக்காதான் வந்து விலக்கினார். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. அழவில்லை. எங்கேயோ கூர்ந்து கேட்கிற மாதிரி அசையாமல் இருந்தாள். என் நெஞ்சில் சாய்ந்த உடம்பு தளர்ந்து, இத்தனை நாளில் முதல்முறையாக என்மேல் கனத்தது. இமை மெல்லச் சொருகியது. உதடு குவிந்து குவிந்து விரிந்தது.

"வாயைப் பாரு தம்பி, வாயைப் பாரு! உக்காரு, உக்காரு" என்றார் அக்கா.

புழுதி வராத தூரத்தில் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அக்கா சங்கை உதட்டோரம் வைத்தார். முதல் சொட்டு வெளியே வழிந்தது. அடுத்தது உள்ளே போனது. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். "எறங்குது... எறங்குது..." என்று அக்கா முணுமுணுத்தார். கண்ணீர் என் பார்வையை மறைத்தது.

பாதிச் சங்கு முடிந்திருக்கும், துளை போடும் கம்பியில் அடுத்த ராடு மாட்டுவதற்காகக் கம்ப்ரசர் காற்றை நிறுத்தினார்கள். சத்தம் தணிந்தது. என் மகள் திடுக்கென்று கண் திறந்து, உதட்டைப் பிதுக்கினாள். நான் பதறி எழுந்து, "அண்ணா, நிறுத்தாதீங்க! ஓட்டுங்க, ஓட்டுங்க!" என்று அலறினேன்.

தங்கவேல் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "ஏனப்பா, இப்பத்தான் நிறுத்துன்னு கத்திக்கிட்டு ஓடியாந்த. இப்ப நிறுத்தாதேங்கற. உனக்கு என்னதான் வேணும்?"

சரசக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் திரும்பி வண்டிக்காரர்களைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். மறுபடியும் சத்தம் எழுந்தது. மறுபடியும் பிள்ளை கண் சொருகி வாயைத் திறந்தாள். அன்றைக்கு அவர் காட்டில் வண்டி ஓடிய நேரம் முழுவதும் நாங்கள் மரத்தடியிலேயே இருந்தோம். அவள் தூங்கினாள், குடித்தாள், மறுபடி தூங்கினாள். பொழுது சாயும்போது என் வேட்டி சூடாக நனைந்தது. ஒரு மனிதன் வேட்டி நனைந்ததற்காகக் கும்பிட்டு அழுததை அந்த வண்டிக்காரர்கள் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார்கள். அப்படியே டாக்டரம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். சோதித்துவிட்டு, ட்ரிப்ஸ் வேண்டாம் என்றார்.

போனில் கோமதியிடம் சொன்னேன். மாமியார் அவள் காதோரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு ஈனக் குரலில் சொன்னாள்.

"ஏனுங்க, இது கூடவா தெரியல? வயித்துல இருந்தப்ப இருந்து நீங்க பேசுனா அந்தச் சத்தத்துக்குள்ளதானுங்க கேக்கும். மொகத்தைப் பார்த்தா அதுக்கு என்ன தெரியும்? அந்தச் சத்தந்தானுங்க அதுக்கு அப்பன்."

போனை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். என்னை யாரென்றே தெரியாத பிள்ளை என்று நினைத்தேன். தெரிந்துதான் இருக்கிறது. சத்தமே வேண்டாம் என்று நான் ஊரையெல்லாம் வாயடைத்து வைத்திருந்தேன். என்னை எந்தச் சத்தத்தில் என் மகளுக்குத் தெரியுமோ அதை அம்மன் வீட்டு வாசலுக்கே அனுப்பினாள். நான் கேட்டபடி அவள் கொடுத்திருந்தால் என் பிள்ளை அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஊசியோடு கிடந்திருப்பாள்.

அன்றைக்கு வண்டி நிற்பதற்குள் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். கோமதி தேறி வீட்டுக்கு வரும்வரை அதைப் போட்டுத்தான் பால் கொடுத்தேன். "எல்லார் ஊட்லயும் தாலாட்டுப் பாடுவாங்க, உங்க ஊட்ல போர் போடறீங்க" என்று சரசக்கா இன்னும் கிண்டல் செய்கிறார். கோமதி இப்போது நன்றாக இருக்கிறாள். நான் வடநாட்டு வண்டியை விட்டுவிட்டேன். சங்ககிரிப் பக்கம் உள்ளூர் வண்டியில் போகிறேன். சாயங்காலம் புழுதியோடு வந்து நின்றால் என் மகள் கைநீட்டித் தாவுகிறாள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அம்மனுக்கு நான் சொல்கிற இந்தச் சாட்சி அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. தங்கவேல் அண்ணனின் போரில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. வரவில்லை என்றுதான் இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று வண்டி அவ்வளவு நேரம் ஓடியது. சீக்கிரமே தண்ணீர் பீறிட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். என் பிள்ளைக்குக் கிடைத்தது அவர் காட்டுக்குக் கிடைக்காமல் போனது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவரிடமே போய்ச் சொன்னேன்.

அவர் கனிஷ்காவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "என்ற போர்ல தண்ணி ஏறாட்டி என்னப்பா, உன்ற புள்ள தொண்டைல பால் எறங்குச்சல்லோ" என்று சிரித்தார். ஆனால் காய்ந்து நின்ற தன் மரவள்ளிக்காட்டை அவர் திரும்பிப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

அதனால் நம்பிக்கை உள்ள உங்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறேன். துன்பம் வந்தால் டாக்டரிடமும் போங்கள், அம்மனிடமும் போங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். எப்படி என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். உங்களுக்கு எரிச்சலாக வந்து நிற்பதைக்கூட விரட்டுவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

இன்னொன்று, வரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது உங்கள் வேண்டுதலோடு தங்கவேல் அண்ணன் காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி கழிந்ததும் அங்கே இன்னொரு இடத்தில் போர் போடப் போகிறோம். எங்கள் வண்டிதான், நான்தான் டிரில்லர். வேப்பமரத்தடியில் கோமதி பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள். இந்த முறை வண்டி சீக்கிரம் நிற்க வேண்டும் தாயே. என் மகள் அழுதாலும் பரவாயில்லை, நான் தூக்கிக்கொள்கிறேன்.