சிமெண்ட் தின்ற கை

தளத்தில் விரிசல் விட்டால் எங்கள் பக்கம் யாரும் ஜல்லியைப் பார்ப்பதில்லை. "கொத்தனார் சிமெண்ட்டைத் தின்னுட்டான்" என்பார்கள். கொத்தனார்கள் சோற்றை விட்டுவிட்டுச் சிமெண்ட்டையே தின்று உயிர்வாழ்கிறார்கள் என்று வட்டக்கானலில் பாதிப் பேர் உண்மையாகவே நம்புகிறார்கள். என் அண்ணன் கொத்தனார். என் புருஷன் அந்தப் பாதியில் ஒருவர்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறை கட்டினோம். முன்னறைக் கூரைத் தளத்துக்குப் பாலசமுத்திரம் பக்கமிருந்து லாரியில் வந்த கருங்கல் ஜல்லி. பின்னறைக்குப் போடுமுன் ஜல்லி தீர்ந்துபோனது. மலைப்பாதையில் மரம் விழுந்து லாரியும் வரவில்லை.

"அஸ்திவாரத்துக்கு வெட்டுன கல்லு பின்னால குமிஞ்சு கெடக்கு. அத ஒடச்சுப் போடுங்க மச்சான். கல்லு கல்லுதான?" என்றார் என் புருஷன்.

அண்ணனும் சரி என்றான். அது மஞ்சள் பூத்த, மக்கிப்போன கல். மண் ஒட்டியிருந்தது, யாரும் கழுவவில்லை. கலவை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது, நான்தான் குடம் குடமாகச் சுமந்தேன். சிமெண்ட் மூட்டை, மணல், போட்ட கை எல்லாம் இரண்டு அறைக்கும் ஒன்றுதான்.

மஞ்சு மூடியிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மாசி வெயிலில் தளம் காய்ந்ததும் பின்னறைக் கூரை முழுக்க விரிசல் ஓடியது. என் புருஷன் அண்ணனை வரச்சொன்னார். மாடியில் மண்வெட்டியோடு நின்றார்.

"எத்தன மூட்டையத் தின்னீங்க மச்சான்?"

"தங்கச்சி வீட்டுல சோறுதான் தின்னுருக்கேன் மாப்ள. வார்த்தய அளந்து பேசுங்க."

"திருட்டு நாய்க்கு அளந்து வேற பேசணுமாக்கும்?"

அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடித்தார். தலைக்கு வந்ததை அண்ணன் வலது கையால் தடுத்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை விலாவில் மிதித்தார். நான் அவர் முடியைப் பிடித்து இழுத்து, தோளில் கடித்தேன். ரத்தம் என் வாயில் வந்தது. கையில் கத்தி இருந்திருந்தால் அன்றைக்குக் கொன்றிருப்பேன்.

கத்தி இல்லை, சம்மட்டிதான் கிடந்தது. பின்னறைத் தளத்தின் விளிம்பில் இறக்கினேன். நாலு அடியில் மூலை பெயர்ந்து விழுந்தது. விரிசல் ஜல்லியைச் சுற்றிப் போகவில்லை, ஒவ்வொரு கல்லையும் பிளந்துகொண்டு போயிருந்தது. ஒரு துண்டைப் பிடுங்கி விரலால் நசுக்கினேன், மாவாகக் கொட்டியது. பிறகு முன்னறைத் தளத்தில் ஓங்கிப் போட்டேன். சம்மட்டி துள்ளி என் முழங்காலுக்கே வந்தது. அங்கே மயிரிழை விரிசல்கூட இல்லை.

"பாருங்க. ரெண்டும் ஒரே சிமெண்ட்டுதான. முன்னால தின்னலயா அவன்? காயும்போது சிமெண்ட்டு சுருங்கத்தான் செய்யும். கல்லு கெட்டியா இருந்தா சுருங்க விடாமப் பிடிச்சு நிக்கும். உங்க கல்லு தண்ணியக் குடிச்சுட்டு, அதுவும் கூடச் சேந்து சுருங்கியிருக்கு."

"எனக்கு எப்புடித் தெரியும்?" என்றார். கையில் இன்னும் மண்வெட்டி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகவே சேர்ந்திருந்தது. விரல்கள் கொத்துக் கரண்டியைச் சுற்றி மடங்கவில்லை. வேறு வேலை தெரியாதவன் என் அண்ணன்.

கீழிருந்து லாரி ஜல்லி வந்து இறங்கிய அன்று என் புருஷன் என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். நல்ல ஜல்லி வந்துருச்சு. இடிச்சுட்டுப் புதுசாப் போட்டுருவோம், நீங்க வரணும்."

அண்ணன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தம்ளரை எடுத்தான்.

"தளத்த இடிச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாம் மாப்ள" என்றான்.

மடியில் கிடந்த கோணல் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தான்.